இரண்டு குமிழ்களில் எதைத் திருகுவது?

போன மாசி மகத்துக்கு முந்தின வாரம், என் இடது காது போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோனில் நாகஸ்வரம் கேட்பது வழக்கம். பத்து மணி என்பது சும்மா சொல்லும் கணக்கில்லை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டிருக்கின்றன. கம்மாபுரத்தில் அந்த நேரத்துக்குப் பிறகுதான் (திருவிழாக் காலம் நீங்கலாக) ஒரு தம்புராவின் அடங்கிய ஒலியைக் கேட்க முடியும். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது நாகஸ்வரக்காரர் மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டதாகத் தோன்றியது. தவிலும் கூடவே நகர்ந்திருந்தது. நான்கு நாள் இப்படியே போனது. விருத்தாசலம் போய் ஆடியோகிராம் எடுத்தேன். இரண்டு காதும் வயதுக்கு ஏற்றபடி சரியாக இருக்கின்றன என்று வந்தது.

வீட்டுக்கு வந்து, ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு கேட்டேன். இப்போது நாகஸ்வரக்காரர் இடப்பக்கம் போய்விட்டார். இந்தப் பரிசோதனைக்குக் காசு ஆகாது, அரை நிமிஷம் போதும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னாலேயே செய்திருக்கலாம்.

குற்றவாளி காது இல்லை, வால்யூம் குமிழ். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு ப்ரீஆம்புக்கும் வால்வு ஹெட்ஃபோன் ஆம்புக்கும் நடுவில் வால்யூமை எப்படிப் பங்கிடுவது என்று நான் கேட்டுப் பின்பற்றிய ஒரு அறிவுரை. வால்வு ஆம்ப் வாங்குகிற எல்லோருக்கும் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள்: “ப்ரீஆம்பை முழுசா திறந்து வச்சிடு, வால்வு ஆம்புல குறைச்சுக்கோ. அப்பதான் வால்வு நல்லா வேலை செய்யும், சத்தம் கனமா இருக்கும்.” இன்னொரு கோஷ்டி நேர் எதிராகச் சொல்லும்: “வால்வு ஆம்பை முழுசா திற, ப்ரீஆம்புல குறை.” இரண்டு தரப்பும் அடித்துச் சொல்வார்கள். இரண்டையும் நான் பரீட்சை செய்துவிட்டேன். இரண்டுமே தப்பு. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால் அதுதான் கூடுதல் ஆபத்து.

என்னிடம் இருக்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், எண்கள் இல்லாமல் இதைப் பேச முடியாது. கம்ப்யூட்டரிலிருந்து டிஏசி. அது அதிகபட்சமாக 2 வோல்ட் தரும். அடுத்து ஐசி வைத்த ஒரு ப்ரீஆம்ப், நான்கு மடங்கு பெருக்கும். அடுத்து வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப், ஏறக்குறைய பத்து மடங்கு. கடைசியில் 300 ஓம் சென்ஹைசர் ஹெச்டி 650. இந்த ஹெட்ஃபோன் 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் சத்தம் தரும் என்று அதன் விவரக்குறிப்பு சொல்கிறது.

நான் கேட்கும் சராசரி அளவு 75 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 103-லிருந்து 28 குறைவு. வோல்ட்டேஜில் 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 28 என்றால் 25 மடங்கு. ஆக ஹெட்ஃபோனுக்குத் தேவை 1 வோல்ட்டில் 25-ல் ஒரு பங்கு, அதாவது 40 மில்லிவோல்ட். டிஏசி எவ்வளவு தருகிறது? பாட்டு எந்நேரமும் 2 வோல்ட்டிலேயே நிற்காது. சராசரி அதில் எட்டில் ஒரு பங்கு என்றாலும் 250 மில்லிவோல்ட் வருகிறது. தேவைக்கு ஆறு மடங்கு அதிகம், ஒரு ஆம்பும் தொடாமலே!

அதை நான் நாலால் பெருக்கி, பிறகு பத்தால் பெருக்குகிறேன். 250 மில்லிவோல்ட் 10 வோல்ட் ஆகிறது. அதிலிருந்து 40 மில்லிவோல்ட் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீசுகிறேன். 250-ல் ஒரு பங்கு, அதாவது 48 டெசிபல் குப்பைக்குப் போகிறது. ஏரி நிறையத் தண்ணீரைக் கட்டிவைத்து மதகை மயிரிழை திறந்து ஒரு பாத்திக்குப் பாய்ச்சுவது மாதிரி. எந்தக் குமிழில் குறைப்பது என்ற சண்டைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இவ்வளவு பெருக்கம் எதற்கு என்பது. அதை யாரும் கேட்பதில்லை. பெருக்கத்தைத்தான் கடையில் விற்கிறார்கள்.

இப்போது முதல் அறிவுரைக்கு வருவோம். ப்ரீஆம்ப் முழுசா திறந்திருக்கிறது. 48 டெசிபலையும் வால்வு ஆம்பின் குமிழ் ஒன்றே குறைக்க வேண்டும். ஒரு சாதாரண லாக் வகை வால்யூம் கன்ட்ரோல் நடுவில் நிற்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விடும், அதாவது 20 டெசிபல் குறைக்கும். 48 குறைக்க வேண்டுமென்றால் குமிழ் கிட்டத்தட்ட அடியிலேயே, கடிகாரத்தில் எட்டு மணி காட்டும் இடத்தில் நிற்கும். ஸ்டீரியோ கன்ட்ரோலில் ஒரே தண்டில் இரண்டு கரித்தடங்கள், இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று. நடுப்பகுதியில் இரண்டும் ஒத்துப்போகும். அடியில் போகப்போக ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். மலிவான கன்ட்ரோலில் இது சர்வசாதாரணம். விலை கூடினதிலும் கடைசி ஓரத்தில் இருக்கவே இருக்கிறது.

அளந்தும் பார்த்தேன். கம்ப்யூட்டரில் 400 ஹெர்ட்ஸ் ஒலியை இரண்டு சேனலிலும் ஒரே அளவில் ஓடவிட்டு, ஹெட்ஃபோன் முனையில் மல்டிமீட்டர் வைத்தேன். (மில்லிவோல்ட் ஏசி அளக்கிற மீட்டராக இருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் பையில் இருக்கிற சின்ன மீட்டரில் ஏசி 200 வோல்ட்டிலிருந்துதான் ஆரம்பிக்கும், அது உதவாது.) எட்டு மணி நிலையில் வலது 40, இடது 25. நான்கு டெசிபல் வித்தியாசம். அதே குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, ப்ரீஆம்பில் குறைத்துவிட்டு அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. என் இடது காது “போன” கதை இவ்வளவுதான்.

ஆனால் இது வேடிக்கையாக முடிகிற விஷயம் இல்லை. அந்த நான்கு நாளும் நான் என்ன செய்தேன்? இடது காதில் சரியாகக் கேட்கவில்லை என்று வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இடது காதுக்குப் போதுமான அளவு வரும்போது வலது காதுக்கு நான்கு டெசிபல் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 90-க்குப் போனால் நாலு மணி நேரம்தான். கெட்டுப்போனதாக நான் பயந்த காது பத்திரமாக இருந்தது. நன்றாகக் கேட்கிறது என்று நம்பின காதுதான் அடி வாங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. 48 டெசிபல் சும்மா தேங்கி நிற்கிற இடத்தில் குமிழை யாராவது தட்டிவிட்டால்? எட்டு மணியிலிருந்து நடுவுக்குப் போனாலே 28 டெசிபல் ஏறும். 75-ல் கேட்டுக்கொண்டிருந்தவர் காதில் ஒரே நொடியில் 103. வீட்டில் குழந்தை இருந்தால், அல்லது தூக்கக் கலக்கத்தில் கை பட்டால் போதும்.

சரி, “அப்பதான் வால்வு நல்லா வேலை செய்யும்” என்கிற பகுதி? இதைத்தான் நான் ரொம்ப நாள் நம்பினேன். பெரும்பாலான வால்வு ஹெட்ஃபோன் ஆம்பில் குமிழ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே வரும் வழியில், முதல் வால்வுக்கு முன்னால். ஹெட்ஃபோனுக்கு 40 மில்லிவோல்ட் போகிறதென்றால், பத்து மடங்கு பெருக்கும் ஆம்பில் வால்வின் கிரிட்டுக்கு வருவது 4 மில்லிவோல்ட். ப்ரீஆம்பை முழுசாகத் திறந்து ஆம்பில் குறைத்தாலும் 4 மில்லிவோல்ட். ப்ரீஆம்பில் குறைத்து ஆம்பைத் திறந்தாலும் அதே 4 மில்லிவோல்ட். வால்வுக்கு முன்னால் எந்தக் குமிழ் எந்த நிலையில் இருந்தது என்று வால்வுக்குத் தெரியாது. ஒரே சத்தத்தில் வால்வு ஒரே வேலையைத்தான் செய்யும். கனம், இளஞ்சூடு, இனிமை என்று என்ன பேர் வைத்தாலும், குமிழ்களின் நிலை மாறியதால் அது வால்வில் வந்திருக்க வழியில்லை.

அப்படியானால் முழுசாகத் திறந்தபோது நான் கேட்ட “கனம்” எங்கிருந்து வந்தது? ஒன்று, ஒப்பிடும்போது சத்தம் சற்றுக் கூடியிருக்கும். கூடின சத்தம் எப்போதும் நல்ல சத்தமாகத் தோன்றும். இரண்டாவது காரணம் எனக்கு வெட்கமானது. என் ப்ரீஆம்ப் பிளஸ்-மைனஸ் 12 வோல்ட் சப்ளையில் ஓடுகிறது. அதிலிருக்கும் ஐசி அலையின் உச்சியை பத்தரை வோல்ட் சுமாருக்கு மேல் தூக்க முடியாது. டிஏசியின் 2 வோல்ட் முழு அளவு என்றால் அலையின் உச்சி 2.8 வோல்ட். நாலால் பெருக்கினால் 11.3. கூரைக்கு மேலே போகிறது. சராசரி இடங்களில் ஒன்றும் தெரியாது. தவிலில் ஓங்கி ஒரு அடி விழும்போது மட்டும் அலையின் தலை வெட்டுப்பட்டு, தோல் சத்தத்துக்குப் பதிலாகத் தகரச் சத்தம் கேட்கும். அந்த இசைத்தட்டில் தவில் பதிவு மோசம், மைக்கை வாரில் ஒட்டி வைத்துவிட்டார்கள் என்று நண்பர்களிடம் நீட்டி முழக்கியிருக்கிறேன். ஒலிப்பதிவைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவன் முதலில் தன் கம்பிகளைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வெட்டுப்பட்ட அலைக்கு ஒரு குணம் உண்டு. எங்கே வெட்டுப்பட்டதோ, அதற்குப் பிறகு எந்தக் குமிழைத் திருகினாலும் ஒட்டாது. சத்தம் குறையும், கரகரப்பு குறையாது. இதை நம் ஊரில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கோயில் திருவிழாவில் நாகஸ்வரத்தின் அணசுக்கு நேராக மைக்கை நிறுத்துவார்கள். மைக் செட்டில் மைக்குக்கு ஒரு குமிழ், மாஸ்டருக்கு ஒரு குமிழ். நம்முடைய இரட்டைக் குமிழ் சிக்கலேதான். பல மிக்ஸர் ஆம்ப்களில் மைக் குமிழுக்கு முன்னாலேயே ஒரு பெருக்கும் கட்டம் இருக்கும். நாகஸ்வரம் போடுகிற போட்டில் அந்த முதல் கட்டமே தலைவெட்டிவிடும். “காது கிழியுதுப்பா, குறைப்பா” என்று பெரியவர்கள் சத்தம் போட, சவுண்ட் சர்வீஸ் பையன் மாஸ்டரைக் குறைப்பான். கூம்பிலிருந்து வரும் சத்தம் சின்னதாகும், ஆனால் அதே கிழிசல்தான். அனுபவப்பட்ட ஆள் குமிழைத் தொடவே மாட்டார். எழுந்து போய் மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு வருவார். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். எங்கே அதிகமோ அங்கேயே கழிக்கிறார். இந்த விஷயத்தில் நான் படித்த எந்த அறிவுரையையும் விட இது தெளிவானது.

எதிர் கோஷ்டியையும் விட்டுவிடக் கூடாது. வால்வு ஆம்பை முழுசாகத் திறந்து ப்ரீஆம்பில் குறைத்தால் தலைவெட்டு போய்விடும், அது உண்மை. ஆனால் இரண்டு காசு கொடுக்க வேண்டும். அடி ஓரத்து ஏற்றத்தாழ்வு இப்போது ப்ரீஆம்பின் குமிழுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கூடவே, ப்ரீஆம்பின் சொந்த இரைச்சல். ஒரு குமிழ் தனக்கு முன்னால் பிறந்த இரைச்சலைத்தான் பாட்டோடு சேர்த்துக் குறைக்கும். தனக்குப் பின்னால் பிறப்பதைத் தொடாது. ப்ரீஆம்ப் தன் பங்குக்கு 20 மைக்ரோவோல்ட் இரைச்சல் சேர்க்கிறது என்று வையுங்கள். முழுசாகத் திறந்த வால்வு ஆம்ப் அதைப் பத்தால் பெருக்கி 200 ஆக்கும். பாட்டு 40 மில்லிவோல்ட், இரைச்சல் 0.2 மில்லிவோல்ட். வித்தியாசம் 46 டெசிபல்தான். பாட்டு 75-ல் இருந்தால் இரைச்சல் 29-ல். ஃபேன் ஓடினால் தெரியாது. ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு பாட்டுக்கு நடுவில் கேட்டால் உஸ்ஸ் என்று கூடவே உட்கார்ந்திருக்கும். இதே இரைச்சல் முதல் அறிவுரைப்படி செய்தால் 1 மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே போய்விடும். நான் பாதி உண்மை என்று சொன்னது இதைத்தான்.

எல்லா இரைச்சலையும் குமிழ் மேல் ஏற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டைக் கேட்கும்போது வருகிற கரமுர ஊசிச் சத்தம் தட்டிலேயே இருக்கிறது. எல்லாக் குமிழுக்கும் முன்னால் பிறந்தது. பாட்டு ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். வால்வு ஆம்பின் ம்ம்ம் என்ற ஹம் இதற்கு நேர் எதிர். குமிழை அடியோடு மூடினாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது குமிழுக்குப் பின்னால் பிறக்கிறது. அதற்கு மருந்து ஹீட்டர் வயரிங்கிலும் எர்த்திலும் சப்ளையிலும் இருக்கிறது, அல்லது சென்சிட்டிவிட்டி குறைந்த ஹெட்ஃபோனுக்கு மாறுவதில். சின்ன இயர்ஃபோனை வால்வு ஆம்பில் செருகிவிட்டு ஹம் வருகிறதே என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

(வால்வு என்றதும் ஒரு இடைச்செருகல். 1954-ல் தொடங்கின பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஒருகாலத்தில் இசிசி 82, இசிசி 83 எல்லாம் செய்தார்கள். பழைய ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் இன்றும் தட்டுப்படும். வால்வை நிறுத்தும் சாக்கெட், சூட்டையும் வோல்ட்டேஜையும் தாங்க, நல்லதென்றால் பீங்கான்தான். பியூஸ் கட்டையும் பொம்மையும் சுட்டெடுக்கிற விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் ஆம்புக்குப் பீங்கான் சாக்கெட்டைத் தபாலில் வரவழைத்தேன்.)

பிறகு என்னதான் செய்தேன்? சவுண்ட் சர்வீஸ்காரர் மைக்கைத் தள்ளி வைத்ததைத்தான். வால்வு ஆம்பின் வாசலில், சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர். சிக்னல் வழியில் 9.1 கிலோ ஓம், அதற்குப் பிறகு கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், 20 டெசிபல் நிரந்தரமாகக் கழிந்தது. ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போட்டால் இரண்டு சேனலுக்கும் வித்தியாசம் மோசமான நிலையிலும் 0.3 டெசிபல் சுமார்தான். விலை டீக் காசு. இதைக் கம்பியின் எந்த முனையில் வைப்பது என்பது முக்கியம். ஆம்ப் பக்கம் வைத்தால் கம்பி வழியில் புகுந்த ஹம்மும் சேர்ந்து பத்தில் ஒன்றாகும். ப்ரீஆம்ப் பக்கம் வைத்தால் அந்த லாபம் போச்சு. ப்ரீஆம்பும் வால்வு என்றால் 10 கிலோ ஓம் சுமையை அது தாங்காமல் கீழ்ஸ்தாயி மெலியலாம். அப்போது 47 கிலோவும் 5.1 கிலோவும் போடலாம், விகிதம் அதேதான்.

அடுத்து ப்ரீஆம்பை முழுசாகத் திறக்காமல் ஒரு 8 டெசிபல் குறைத்து, ஏறக்குறைய இரண்டு மணி நிலையில் நிறுத்தினேன். அலையின் உச்சி நாலரை வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது, தலைவெட்டுக்கு வாய்ப்பில்லை. 20-ம் 8-ம் போக, 48-ல் வால்வு ஆம்பின் குமிழுக்கு மிச்சம் 20. அது நட்ட நடுவில் நிற்கிறது. தினசரி ஏற்ற இறக்கத்துக்கு அதை மட்டும்தான் திருகுகிறேன். அதை முழுசாகத் திறந்தாலும் சராசரி 95-க்கு மேல் போகாது. அதுவும் காதுக்கு நல்லதில்லை, ஆனால் தூக்கக் கலக்கத்தில் 103 என்ற பயம் இல்லை.

புதுக் குமிழே போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரிச்சி தெரு மாதிரி இடங்களில் வாங்கும்போது மேலே அச்சடித்த எழுத்தைப் பாருங்கள். ஆசிய வழக்கில் ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். லீனியரை வால்யூமுக்குப் போட்டால் முதல் கால் சுற்றிலேயே எல்லாச் சத்தமும் வந்து, மிச்ச முக்கால் சுற்றில் ஒன்றுமே நடக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ப்ரீஆம்பே வேண்டாமே என்று கேட்டால், ஒரே ஒரு டிஏசி மட்டும் வைத்திருப்பவருக்கு நிஜமாகவே வேண்டாம். எனக்கு ரெக்கார்ட் பிளேயரும் டேப்பும் இருக்கின்றன, மாற்றி மாற்றிக் கேட்க ஒரு ஸ்விட்ச் தேவை. அதற்காக வைத்திருக்கிறேன், சத்தத்தைக் கூட்டுவதற்காக இல்லை. ப்ரீஆம்பை எடுத்தாலும் வால்வு ஆம்பின் வாசலில் அந்த இரண்டு ரெசிஸ்டரை விட்டுவைக்கலாம். டிஏசி நேராக வந்தால்கூட 36 டெசிபல் கழிக்க வேண்டியிருக்கிறதே.

ரெசிஸ்டர் போட்ட அன்று ராத்திரி அந்தத் தவில் இசைத்தட்டைத்தான் முதலில் போட்டேன். நாகஸ்வரக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். முதல் உருப்படியின் தனியாவர்த்தனத்தில் தகரம் போய் தோல் கேட்டது, வலந்தலையில் விரல்கூடுகள் ஒவ்வொன்றாக விழுவது கேட்டது. மறுநாள் நண்பருக்குப் போன் போட்டு, பதிவைத் திட்டினதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். முழுக்க இல்லை. இரண்டாவது உருப்படியில் ஒரு இடம் இன்னும் கரகரக்கிறது. ப்ரீஆம்பைக் கழற்றிவிட்டு, டிஏசியை நேராக மாட்டியும் கேட்டுவிட்டேன். அது அவர்கள் செய்ததுதான்.